பிக்கப் வண்டியின் துரு ஜாயின்ட்டில் பிறக்கிறது

பெங்களூர் பீன்யாவின் உள் தெருக்களில் நிற்கும் ஒரு பிக்கப் வண்டியின் வயதைச் சொல்ல ஆர்.சி. புத்தகம் தேவையில்லை. பின் டோரின் அடிவிளிம்பைக் குனிந்து பார்த்தால் போதும். இரண்டு தகடுகள் மடங்கிச் சேரும் அந்தக் கோட்டில் பெயிண்ட் முதலில் மயிரிழையாக வெடிக்கும். அடுத்த மழைக்குப் பழுப்பு நிறத்தில் ஒரு கசிவு இறங்கும். அதற்கடுத்த ஆண்டு கொப்புளம் கட்டும்; விரலால் அழுத்தினால் தகடு பொருக்குப் பொருக்காக உதிரும். அதே வண்டியின் பக்கத் தகடும் பானெட்டும் அப்போதும் பளிச்சென்றுதான் இருக்கும். வெயிலும் மழையும் நேராக அறையும் பரந்த பரப்பு தாங்கிவிடுகிறது. கண்ணில் படாத ஜாயின்ட் முதலில் விட்டுக்கொடுக்கிறது.

இந்தக் கோட்டைக் காக்க ஆகும் பணம், வண்டிக்கு ஒரு முறை முழுப் பெயிண்ட் அடிக்க ஆகும் பணத்தில் சிறு பங்குதான். அப்படியிருந்தும், பெயிண்ட் என்றாலே பளபளப்பு என்ற எண்ணம் சந்தையில் வேரூன்றிவிட்டது. வாங்குகிறவர் நிறத்தைப் பார்க்கிறார். விற்கிறவர் பாலிஷ் போட்டுக் காட்டுகிறார். தகுதிச் சான்றான எஃப்.சி. நெருங்கினால் பெயின்டர் மேலே ஒரு கை அடித்துத் தருகிறார். தகட்டோடு தகடு சேரும் இடத்தைக் கேட்பாரில்லை. உழைக்கும் வண்டியில் இந்த வரிசை மாற வேண்டும். பெயிண்டுக்கு ஒதுக்கும் முதல் ரூபாய் ஜாயின்ட்டுக்குப் போக வேண்டும்; மிச்சம்தான் மினுக்கத்துக்கு.

பீன்யாவின் சக்கரங்கள்

ஆசியாவின் பெரிய தொழிற்பேட்டைகளுள் ஒன்றாகப் பேசப்படும் பீன்யா, துமகூரு சாலையை ஒட்டி 1970-களில் உருவெடுத்தது. 1953-ல் நிறுவப்பட்ட எச்.எம்.டி. இயந்திரத் தொழிற்சாலை அருகிலுள்ள ஜாலஹள்ளியில் இயங்கியதால், பெங்களூரின் இந்த மூலையில் இயந்திரத் தொழில் அதற்கு முன்பே வேர்விட்டிருந்தது. லேத் பட்டறை, அச்சு செய்யும் பட்டறை, முலாம் பூசும் பட்டறை, பவுடர் கோட்டிங், ஆயத்த ஆடை என்று ஒவ்வொரு தெருவுக்கும் ஒரு தொழில். ஓரிடத்தில் கடைந்த பாகம் அடுத்த தெருவில் முலாம் பூசிக்கொள்ளப் போகிறது. அங்கிருந்து வேறொரு கட்டடத்துக்குப் பொருத்தப் போகிறது. பிறகு ஓசூருக்கோ கோவைக்கோ புறப்படுகிறது. 2014 மார்ச்சில் மெட்ரோ ரயில் பீன்யாவை எட்டியபின் ஆட்கள் வருவது எளிதானது. சரக்கு இன்றும் பிக்கப்பில்தான் நகர்கிறது.

இந்த வண்டிகளின் வரலாறு அதிகம் பழையதல்ல. தமிழ்நாட்டில் ‘குட்டி யானை’ என்று பெயர் வாங்கிய டாடா ஏஸ் 2005-ல் சந்தைக்கு வந்தது. 2017-க்குள் 20 லட்சம் வண்டிகள் விற்றுத் தீர்ந்தன. அசோக் லேலண்டின் ‘தோஸ்த்’ 2011-ல் ஓசூரிலிருந்து வந்தது. மகிந்திராவின் பொலேரோ பிக்கப் இல்லாத மார்க்கெட் வாசல் தென்னிந்தியாவில் அரிது. லாரி வாங்க முடியாத ஒருவர் கடன் வாங்கி முதலாளியாவதற்கு இவை வழி திறந்தன. பீன்யாவில் ஓடும் பிக்கப்களில் பலவற்றை ஓட்டுபவர்கள் தருமபுரி, கிருஷ்ணகிரி, சேலம், திருவண்ணாமலை பக்கத்திலிருந்து வந்தவர்கள். அவர்களுக்கு வண்டிதான் கடை, வண்டிதான் சொத்து. கடன் தவணை முடிந்த பிறகு அந்த வண்டி இன்னும் எத்தனை ஆண்டு உழைக்கிறது, விற்கப் போனால் என்ன விலை போகிறது என்பதில்தான் அவர்களின் லாபம் இருக்கிறது. அந்த இரண்டையும் தீர்மானிப்பதில் எஞ்சினுக்கு இணையாகத் துருவுக்கும் பங்குண்டு. எஞ்சினைப் பிரித்துச் சீர் செய்யலாம். உள்ளிருந்து அரித்த தகட்டை வெட்டி எறியத்தான் வேண்டும்.

மறைவிடத்தில் தொடங்கும் பழுது என்ன விலை வாங்கும் என்பதைப் பீன்யா அனுபவித்தே அறிந்திருக்கிறது. 2021 டிசம்பர் கடைசியில் பீன்யா மேம்பாலத்தின் உள்ளே ஓடும் இழுவிசைக் கம்பி வடங்களில் கோளாறு தெரிந்ததும் பாலம் மூடப்பட்டது. இலகு வாகனங்களுக்கு 2022 பிப்ரவரியில் திறந்தார்கள். கனரக வாகனங்கள் மீண்டும் ஏற 2024 ஜூலை வரை ஆனது. இடைப்பட்ட காலம் முழுவதும் லாரிகளும் பஸ்களும் கீழ்ச்சாலையில் திணறின. பாலத்தின் வெளித்தோற்றத்தைப் பார்த்து அந்தப் பழுதை எவராலும் சொல்லியிருக்க முடியாது.

உரசல் ஒன்று, நீர் இன்னொன்று

ஜாயின்ட்டில் பெயிண்ட் தேய்வதற்கு முதல் காரணம் அசைவு. பிக்கப் வண்டியில் சேஸின் மேல் கேபின் தனியாகவும் லோடு பாடி தனியாகவும் உட்கார்ந்திருக்கின்றன. ஒரு சக்கரம் பள்ளத்தில் இறங்கும்போது சேஸ் முறுக்கிக்கொள்கிறது. கேபினுக்கும் பாடிக்கும் நடுவே இருக்கும் இடைவெளி ஒரு பக்கம் சுருங்கி மறுபக்கம் விரிகிறது. ஓவர்லோடு ஏற்றினால் இந்த முறுக்கல் கூடுகிறது. டோரும் பீடிங் ரப்பரும், பக்கக் கதவும் அதன் கொண்டியும், பின் டோரும் அது வந்து அமரும் தூணும் நாள் முழுவதும் ஒன்றையொன்று உரசுகின்றன.

இடுக்கில் தூசி புகுந்தால் உரசல் அரைப்பாக மாறும். பெங்களூர் கிரானைட், நைஸ் பாறைகளின் மேல் அமர்ந்த நகரம். இந்தப் பாறைகள் பொடியாகிப் பறக்கும் புழுதியில் குவார்ட்ஸ் உண்டு. கடினத்தை அளக்கும் மோஸ் அளவுகோலில் குவார்ட்ஸுக்கு 7. சாதாரண இரும்புத் தகட்டைவிட அது கடினம். தொழிற்சாலைப் பெயிண்டின் எல்லா அடுக்குகளையும் கூட்டினாலும் பொதுவாக 100 முதல் 120 மைக்ரான்தான், அதாவது ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கை ஒட்டியே வரும். உரசலும் புழுதியும் சேர்ந்தால் அது எத்தனை நாள் தாங்கும்?

இதற்கு மேல் கயிறும் தார்ப்பாயும் இருக்கின்றன. சரக்கை இறுக்கும் கயிறு எப்போதும் பக்கக் கதவின் மேல் விளிம்பில்தான் வளைந்து இறங்குகிறது. காற்றில் அடித்துக்கொள்ளும் தார்ப்பாயின் ஓரம் அதே விளிம்பை நெடுஞ்சாலை நெடுகத் தேய்க்கிறது. பீன்யாவில் இன்னொன்றும் சேர்கிறது: லேத்திலிருந்து அள்ளிய இரும்புப் பிசிறு. கூலன்ட் சொட்டச் சொட்ட அதை ஏற்றினால், தண்ணீர் கலந்த அந்தக் கூலன்ட் பாடித் தரையின் ஜாயின்ட்டுகளில் இறங்கித் தங்கிவிடுகிறது.

இரண்டாவது காரணம் அந்த நீர்தான். இரண்டு தகடுகளுக்கு நடுவே உள்ள மெல்லிய இடைவெளி நீரைத் தானாக உறிஞ்சிக்கொள்ளும், எளிதில் விடாது. மேல்தகடு அரை மணி வெயிலில் காய்ந்துவிடும்போது ஜாயின்ட்டின் உள்ளே ஈரம் நாள்கணக்கில் நிற்கும். அந்த ஈரம் ஏன் அவ்வளவு கொடியது என்பதைக் கேம்பிரிட்ஜ் விஞ்ஞானி யூலிக் எவன்ஸ் 1920-களில் ஓர் எளிய சோதனையால் விளக்கினார். இரும்பின் மேல் ஒரு துளி உப்புநீர் விட்டால், காற்று எளிதில் எட்டும் விளிம்புப் பகுதி தப்பிக்கிறது. காற்று எட்டாத நடுப்பகுதி அரிபடுகிறது. ஆக்சிஜன் குறைந்த இடம் அரிபடும் முனையாகி (ஆனோடு), ஒரு சின்ன மின்கலம் அங்கே உருவாகிவிடுகிறது. ஜாயின்ட்டின் உள்முகம் எப்போதும் காற்று குறைந்த இடம். அதனால் அரிப்பு உள்ளே நடக்கிறது. வெளியே நிற்கிறவருக்கு ஒன்றும் தெரிவதில்லை.

துரு, தான் தின்ற இரும்பைவிட அதிக இடம் கேட்கும். பருமன் இரண்டு மடங்குக்கு மேல், சில சேர்மங்களில் ஆறு மடங்கு வரை பெருகும். இடுக்கில் சேரும் துரு ஆப்பு இறக்கினாற்போல் தகடுகளை நெம்பிப் பிரிக்கிறது. ஜாயின்ட்டின் மேலிருந்த பெயிண்ட் அதனால் மேலும் வெடிக்கிறது. வெடிப்பின் வழியாக மேலும் நீர் இறங்குகிறது. வெளியே கொப்புளம் தெரியும் நாளில் உள்ளே வேலை பாதிக்கு மேல் முடிந்திருக்கும்.

தொழிற்சாலைக்கு உள்ளே, வெளியே

வாகனத் தொழிற்சாலைகள் இதை அறியாதவை அல்ல. கேபின் முதலில் பாஸ்பேட் குளியலில் இறங்குகிறது. பிறகு மின்சாரம் பாய்ச்சிய பிரைமர் தொட்டியில் முழுதாக முழுகுகிறது. தொழிலில் சி.இ.டி. என்று சொல்லப்படும் இந்த முறை 1976-ல் அமெரிக்கக் கார் தொழிலுக்கு வந்தது. இன்று உலக வழக்கமாகிவிட்டது. ஸ்பிரே கன் எட்டாத மூலைகளிலும் ஏறத்தாழ 20 மைக்ரான் படலம் ஏறுகிறது. அதன்மேல் ஜாயின்ட்டுகளில் பி.வி.சி. சீலர் இழுத்து அடுப்பில் சுடுகிறார்கள். சில வண்டிகளில் மூடிய அறைகளுக்குள் மெழுகும் அடிக்கிறார்கள். துத்தநாகம் பூசிய தகட்டையே உடலுக்குப் பயன்படுத்தும் வழக்கம் போர்ஷே 911-ல் 1976 மாடலிலிருந்தும், ஆடி 100-ல் 1985-லிருந்தும் வலுப்பட்டது. துத்தநாகம் தன்னைக் கொடுத்து இரும்பைக் காக்கும். கீறல் விழுந்த இடத்திலும் காக்கும். ஐரோப்பாவில் தகடு துருவேறிப் பொத்தலானால் 12 ஆண்டுவரை உத்தரவாதம் தரும் நிறுவனங்கள் இருப்பதற்கு இந்த ஏற்பாடுகளே அடிப்படை.

இத்தனை செய்தும் விளிம்பு பலவீனமாகத்தான் இருக்கும். அடுப்புச் சூட்டில் இளகும் பெயிண்ட், பரப்பு இழுவிசையால் கூரிய விளிம்பை விட்டுப் பின்வாங்குகிறது. தகட்டின் நடுவில் உள்ள தடிமன் அதன் ஓரத்தில் இருக்காது. தொழிற்சாலைப் பெயிண்டுக்கே இந்தக் கதி.

சேஸும் கேபினும் மட்டும் வாங்கி, லோடு பாடியை வெளியே கட்டிக்கொள்ளும் வண்டிகளில் நிலைமை இன்னும் மோசம். லாரி பாடிக்கு நாமக்கல், பஸ் பாடிக்குக் கரூர் என்று பெயர் வாங்கிய ஊர்களிலும் சரி, பெங்களூரின் பட்டறைகளிலும் சரி, கைத்திறனுக்குக் குறைவில்லை. குறை வேலையின் வரிசையில் இருக்கிறது. தகடுகளை வெட்டி, வளைத்து, விட்டு விட்டு வெல்டு வைத்து, எல்லாம் முடிந்த பிறகுதான் ரெட் ஆக்சைடு அடிக்கப்படுகிறது. அப்போது இரண்டு தகடுகள் முகம் சேர்ந்த உள்பக்கத்துக்கு ஒரு சொட்டுப் பெயிண்ட்கூடப் போகாது. இரண்டு வெல்டுகளுக்கு நடுவே உள்ள இடைவெளி நீருக்குத் திறந்த வாசலாக நிற்கிறது. வெல்டிங் சூட்டில் பின்பக்கம் கருகிய இடத்தை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. மேலே பட்டி பார்த்து, எமரி போட்டு, எனாமல் அடித்து வெளியே விடும்போது வண்டி புதுமணத்தோடு மின்னுகிறது. துருவுக்கான நாள்குறிப்பும் அன்றைக்கே எழுதப்பட்டுவிடுகிறது.

செய்ய வேண்டியவை

பாடி கட்டும் இடத்தில்தான் முதல் மாற்றம் வேண்டும். வெல்டு வைப்பதற்கு முன்பே, முகம் சேரப்போகும் தகட்டுப் பரப்புகளில் துத்தநாகப் பிரைமர் அடிக்க வேண்டும். வெல்டிங்கைத் தாங்கும்படி இதற்கென்றே தயாரித்த பிரைமர்கள் கடைகளில் கிடைக்கின்றன. வெட்டிய விளிம்புகளின் பிசிறை அரத்தால் நீக்கி, முடிந்த இடத்தில் விளிம்பை மடித்துவிட வேண்டும். முழு ஸ்பிரேக்கு முன்னால் ஓரங்கள், வெல்டிங் கோடுகள், போல்ட் துளைகள் ஆகியவற்றுக்கு மட்டும் பிரஷ்ஷால் தனியாக ஒரு கை பெயிண்ட் கொடுக்க வேண்டும். கப்பல் தொழிலில் இது விருப்பத்துக்கு விட்ட வேலை இல்லை, சட்டம். சர்வதேசக் கடல்சார் அமைப்பு 2006-ல் ஏற்ற தரவிதி, புதிய கப்பல்களின் கடல்நீர்த் தொட்டிகளில் விளிம்புகளை 2 மில்லிமீட்டர் ஆரத்துக்கு உருட்டவும், ஓரங்களுக்குத் தனியாக இரண்டு கை பூசவும் கட்டளையிடுகிறது. பிக்கப்பின் மெல்லிய தகட்டில் அந்த அளவுக்கு உருட்ட முடியாது. பிசிறு நீக்கி ஒரு கை கூடுதலாகப் பூச எந்தப் பட்டறையாலும் முடியும்.

அடுத்தது சீலர். இதில் ஒரு தவறு பரவலாக நடக்கிறது. குளியலறைக்கு வாங்கிய சிலிக்கோன் டியூபை எடுத்து வண்டியின் ஜாயின்ட்டிலும் இழுத்துவிடுகிறார்கள். சிலிக்கோன் மேல் பெயிண்ட் ஒட்டாது. காயும்போது வினிகர் வாடை அடிக்கும் வகை அசிட்டிக் அமிலத்தையே வெளியிடுகிறது. காக்க வேண்டிய தகட்டை அது அரிக்கும். வாகன உடலுக்கென்று விற்கும் பாலியூரித்தேன் சீலர்தான் ஏற்றது. அது அசைவுக்கு நெகிழும், மேலே பெயிண்டும் ஏற்கும். சில நூறு ரூபாய்க்கு ஒரு டியூப் கிடைக்கும். பிரைமருக்குப் பின், பெயிண்டுக்கு முன் என்ற வரிசை முக்கியம்.

எல்லா இடத்தையும் அடைப்பதும் ஆபத்து. டோரின் அடியிலும் பின் டோரின் அடியிலும் நீர் வடிய வைத்த சிறு துளைகள் சேற்றால் அடைபட்டால், உள்ளே ஒரு தொட்டி உருவாகிவிடும். அண்டர்கோட்டிங் அடிக்கிறவர் கவனிக்காமல் இந்தத் துளைகளின் மேலேயே அடித்துவிடுவதும் உண்டு. மாதம் ஒரு முறை ஒரு கம்பியால் குத்திப் பார்த்தால் போதும்.

ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் வண்டிக்கும் வழி இருக்கிறது. கயிறு வளையும் மேல் விளிம்பில், நீளவாக்கில் கீறிய ரப்பர் ஹோஸையோ பழைய டியூப் துண்டையோ மாட்டலாம். அனுபவப்பட்ட ஓட்டுநர்கள் பலர் இதைச் செய்கிறார்கள். ஆனால் வாட்டர் வாஷின்போது அதைக் கழற்றி உள்ளே சேர்ந்த மண்ணைக் கழுவாவிட்டால், காப்பு என்று மாட்டியதே ஈரத்தைப் பிடித்து வைக்கும். உரசும் ஓரங்களில் ஒட்ட பாலியூரித்தேன் ஃபிலிம் இருக்கிறது. வியட்நாம் போர்க் காலத்தில் அமெரிக்க ஹெலிகாப்டர்களின் சுழலிகளை மணலிலிருந்தும் கல்லிலிருந்தும் காக்க வந்த பொருள் இது. இன்று விலையுயர்ந்த கார்களின் உடல் முழுவதும் ஒட்டுகிறார்கள். பிக்கப்புக்கு உடல் முழுவதும் தேவையில்லை. டோர் விளிம்பு, கேபினின் பின்மூலை, பின் டோர் அமரும் தூண் ஆகிய இடங்களில் இரண்டு விரல் அகலப் பட்டை போதும். சுமார் 200 மைக்ரான் தடிமனுள்ள ஃபிலிம், அடியிலுள்ள பெயிண்டைவிடத் தடித்தது. துரு இல்லாத, சுத்தமான பெயிண்டின் மேல், ஒவ்வொரு தகட்டின் ஓரத்திலும் தனித்தனியாக ஒட்ட வேண்டும். அசையும் இடைவெளியின் குறுக்கே ஒட்டினால் அது கிழியும், நீரையும் அடைத்து வைக்கும்.

வாட்டர் வாஷ் முடிந்ததும் அடியில் டீசலோ கழிவு ஆயிலோ அடிக்கும் பழைய பழக்கத்தைக் கைவிட வேண்டும். டீசல் சில நாளில் போய்விடும். ஆயிலில் புழுதி ஒட்டி மீண்டும் அரைப்பு தொடங்கும். புஷ், பீடிங் போன்ற ரப்பர் பாகங்கள் பெட்ரோலியம் பட்டு உப்பும். சொட்டும் ஆயில் சாக்கடையில்தான் சேரும்.

எஃப்.சி. பெயிண்ட் என்னும் மறைப்பு

சரக்கு வண்டிகளுக்கு எஃப்.சி. புதிதில் இரண்டு ஆண்டுக்குக் கிடைக்கிறது. எட்டு வயது வரை இரண்டாண்டுக்கு ஒரு முறையும் அதற்குப் பிறகு ஆண்டுதோறும் காட்டியாக வேண்டும். துரு தீவிரமாகும் வயதும் ஆண்டுதோறும் எஃப்.சி. காட்டும் வயதும் ஒன்றாகவே வருகின்றன. வண்டியின் உடலைச் சீராகப் பார்க்க இதைவிட நல்ல வாய்ப்பு இல்லை. நடப்பது வேறு. எஃப்.சி.க்கு முந்தைய வாரம் துருவின் மேலேயே பட்டி அப்பி, எமரி போட்டு, பெயிண்ட் அடிக்கிறார்கள். பாலியெஸ்டர் பட்டி ஈரத்தை உறிஞ்சும் தன்மை உடையது. துருவின் மேல் பூசினால் அது துருவுக்கு ஈரமான போர்வை. ஆறு மாதத்தில் அதே இடம் இன்னும் பெரிதாகக் கொப்புளிக்கும். உரிமையாளர் ஒவ்வொரு ஆண்டும் செலவழித்துக்கொண்டே இருக்கிறார். தகடு ஒவ்வொரு ஆண்டும் கரைந்துகொண்டே இருக்கிறது.

இது அழகோடு முடிகிற விஷயம் இல்லை. பின் டோரின் கீல் பற்றியிருக்கும் தகடு துருவேறினால், ஒரு மேடு பள்ளத்தில் சரக்கு சாலையில் விழும். பின்னால் வரும் இருசக்கர வாகனக்காரர் அதற்கு விலை கொடுப்பார். கேபின் தரையின் ஜாயின்ட் அரித்தால் சீட் பெல்ட்டின் பிடிமானமே ஆட்டம் காணும்.

பிரிட்டனின் ஆண்டு வாகனச் சோதனை இதை எப்படிக் கையாள்கிறது என்பது இங்கே பயன்படும். சீட் பெல்ட், பிரேக், ஸ்டீயரிங், சஸ்பென்ஷன் ஆகியவை உடலோடு சேரும் இடத்திலிருந்து 30 சென்டிமீட்டர் தூரத்துக்குள் தகட்டின் வலுவைக் கெடுக்கும் துரு இருந்தால் வண்டி தோற்றுவிடும். ஆய்வாளர் தட்டிப் பார்க்கிறார், அழுத்திப் பார்க்கிறார். அந்த இடங்களில் பட்டி அப்பி மூடியதை அங்கே பழுது பார்த்ததாகவே ஏற்பதில்லை. இந்தியாவில் 2021-ல் வந்த பழைய வாகன அழிப்புக் கொள்கை, வண்டியின் ஆயுளைத் தகுதிச் சோதனையோடு பிணைத்திருக்கிறது. தானியங்கிச் சோதனை நிலையங்கள் பெருகிவரும் இந்த வேளையில், கீல்கள், கேபின் தரை, சீட் பெல்ட் பிடிமானம், பாடியும் சேஸும் சேரும் இடங்கள் ஆகியவற்றின் ஜாயின்ட்டுகளைச் சிறு சுத்தியால் தட்டிப் பார்ப்பதை ஒவ்வொரு எஃப்.சி.யிலும் கட்டாயமாக்க வேண்டும். புதுப் பெயிண்ட் அடித்து வந்த வண்டியை இன்னும் ஒரு படி கவனமாகப் பார்க்க வேண்டும்.

மறுப்புகளும் விடைகளும்

பெங்களூரில் கடல் இல்லையே, துருவுக்கு ஏன் இவ்வளவு கவலை என்று கேட்கலாம். கேள்வி நியாயமானது. காரைக்குடியில் 1953 முதல் இயங்கும் மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம், மண்டபம் கடலோரத்தில் உலோகங்களைத் திறந்தவெளியில் வைத்து அரிமானத்தை ஆராய்ந்துவருகிறது; நாட்டின் அரிமான வரைபடத்தையும் தயாரித்தது. கடலோரத்தோடு ஒப்பிட்டால் தக்காணப் பீடபூமி இரும்புக்கு இதமான இடம். ஆனால் பிக்கப் ஓர் ஊரில் நின்றுவிடும் வண்டியா? பீன்யாவில் பகலில் இரும்பு ஏற்றும் வண்டி அடுத்த வாரம் சென்னைத் துறைமுகத்தில் நிற்கும். கடற்கரையிலிருந்து மீன் ஏற்றி வரும் வண்டியில் உப்புக் கலந்த ஐஸ் தண்ணீர் வழி நெடுக ஜாயின்ட்டுகளில் இறங்கும். உள்நாட்டிலும் கூலன்ட், உரம், கால்நடைச் சிறுநீர் என்று உப்புகளுக்குப் பஞ்சமில்லை.

ஐந்தாறு ஆண்டில் விற்றுவிடும் வண்டிக்கு இவ்வளவு பாடு எதற்கு என்பது அடுத்த கேள்வி. விற்கிறவருக்குத் தீர்ந்துபோகும் வண்டி, வாங்குகிறவருக்கு அன்றுதான் தொடங்குகிறது. பழைய வண்டி வாங்குகிறவர் பெரும்பாலும் முதல் உரிமையாளரைவிடப் பணம் குறைந்தவர். மறைத்து விற்ற துருவின் சுமை அவர் தோளில் இறங்குகிறது.

பெரிய நிறுவனம் கட்டிய வண்டியில் இந்தப் பிரச்சினை வராது என்ற நம்பிக்கையும் சரியல்ல. அமெரிக்காவில் டகோமா, டன்ட்ரா பிக்கப்களின் சேஸுக்குப் போதிய துருக்காப்பு தரவில்லை என்று தொடுத்த வழக்கில், டொயோட்டா 2016-ல் தவறை ஏற்காமலேயே உடன்பாட்டுக்கு வந்தது. செக்கோயா என்ற இன்னொரு மாடலையும் சேர்த்து ஏறத்தாழ 15 லட்சம் வண்டிகள். மதிப்பு 340 கோடி டாலர் வரை என்று கணக்கிட்டார்கள். சாலையில் உப்புத் தூவும் பனி நாட்டின் கதை அது. என்றாலும் பூச்சில் மிச்சம் பிடிப்பது பின்னால் எவ்வளவு பெரிய பில்லாகத் திரும்பும் என்பது எல்லா நாட்டுக்கும் பொது. அதே 2016-ல் அரிமானப் பொறியாளர்களின் சர்வதேச அமைப்பாக இருந்த நேஸ் வெளியிட்ட ஆய்வு, உலகின் அரிமானச் செலவை ஆண்டுக்கு 2.5 லட்சம் கோடி டாலர் என்று மதிப்பிட்டது. தெரிந்த வழிகளை ஒழுங்காகக் கையாண்டாலே அதில் 15 முதல் 35 விழுக்காடு மிச்சமாகும் என்பதும் அதே ஆய்வின் முடிவு.

பீன்யாவால் முடியும்

இந்த மாற்றத்தைத் தொடங்கப் பீன்யாவைவிடப் பொருத்தமான இடம் குறைவு. பாஸ்பேட் தொட்டியும் பவுடர் கோட்டிங் அடுப்பும் வைத்திருக்கும் ஜாப் ஒர்க் பட்டறைகள் இங்கேயே இருக்கின்றன. தேர்ந்த தொழிலாளர்களை உருவாக்கும் என்.டி.டி.எஃப். தொழிற்பயிற்சி நிறுவனம் பீன்யாவில் இருக்கிறது. 1962-ல் தொடங்கிய மத்திய உற்பத்தித் தொழில்நுட்ப நிறுவனம் அதே துமகூரு சாலையில் இருக்கிறது. பக்கக் கதவு, பின் டோர், தூண் ஆகியவற்றை ஒரே உடலாக வெல்டு வைக்காமல், தனித்தனித் துண்டுகளாகச் செய்து, பாஸ்பேட் குளியலும் பவுடர் கோட்டிங்கும் முடித்து, பிறகு போல்ட்டால் பூட்டும் முறைக்குப் பாடி பட்டறைகள் மாறலாம். தகடு தனியாக இருக்கும்போது அதன் எல்லா முகத்துக்கும் பூச்சு கிடைத்துவிடும். பூட்டும் இடத்தில் ஒரு ரப்பர் பட்டை வைத்தால் உரசலும் குறையும்.

வண்டியைக் காக்கிறோம் என்று ஊரைக் கெடுத்துவிடக் கூடாது. பீன்யாவின் நிலத்தடி நீரில் குரோமியம் கலந்திருப்பதை அரசு அமைப்புகளின் ஆய்வுகளே பதிவு செய்திருக்கின்றன. துருக்காப்புப் பூச்சில் அறுவலுக் குரோமியம் இருப்பதை ஐரோப்பா 2007-லிருந்து வாகனங்களில் தடுத்துவிட்டது. முவ்வலுக் குரோமியப் பூச்சுகள் அதன் இடத்தைப் பிடித்தன. போல்ட்டும் கீலும் வாங்கும் பாடி பட்டறைகள் அந்த வகையையே கேட்டு வாங்க வேண்டும். பாஸ்பேட் தொட்டியின் கழிவுநீர் சுத்திகரிப்புக்குப் போகிறதா என்பதைப் பார்க்க வேண்டும். இரண்டு பாகம் கலந்து அடிக்கும் பாலியூரித்தேன் பெயிண்டில் உள்ள ஐசோசயனேட் ஆஸ்துமாவை உண்டாக்கும். மூக்கில் கைக்குட்டை கட்டிக்கொண்டு ஸ்பிரே அடிக்கும் பெயின்டருக்கு வெளிக்காற்று தரும் முகமூடியை வாங்கித் தருவது பட்டறைக்காரரின் கடமை. வண்டியின் ஆயுளுக்காக ஒருவரின் நுரையீரலைக் கேட்க யாருக்கும் உரிமையில்லை.

பாடி கட்டக் கொடுக்கிறவர் கொட்டேஷனில் நான்கு வரிகள் தனியாக இருக்க வேண்டும் என்று கேட்கலாம்: வெல்டுக்கு முந்தைய பிரைமர், ஓரங்களுக்குத் தனிக் கை பூச்சு, பாலியூரித்தேன் சீலர், வடிகால் துளைகள். வண்டிக் கடன் தரும் வங்கிகளும் நிதி நிறுவனங்களும் அந்த நான்கு வரிகளைக் கேட்டு வாங்கினால், தங்கள் அடமானச் சொத்தின் மதிப்பைத் தாங்களே காத்துக்கொள்வார்கள். பீன்யா தொழில் சங்கம் என்.டி.டி.எஃப். போன்ற நிறுவனத்தோடு சேர்ந்து, பாடி கட்டுகிறவர்களுக்கும் பெயின்டர்களுக்கும் கன்னடத்திலும் தமிழிலும் ஒரு நாள் பயிற்சி நடத்தலாம். துருவேறிய பழைய பின் டோர் ஒன்றை நெடுக வெட்டிப் பிரித்து, உள்முகத்தில் நடந்ததை அவர்கள் கண்ணாலேயே பார்க்க வைத்து அந்தப் பயிற்சியைத் தொடங்கலாம்.